கடவுச்சீட்டு பறிக்கப்பட்டும் கடல் கடந்த குரல்: பால் ராப்சனின் வாழ்க்கை

புதுதில்லி, ஏப்ரல் 9: அமெரிக்கப் பாடகரும் நடிகரும் சிவில் உரிமைப் போராளியுமான பால் ராப்சனின் பிறந்த நாள் இன்று. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் சொந்த நாட்டு எல்லையைத் தாண்ட முடியாதவாறு முடக்கப்பட்டிருந்த நிலையில், கடலடித் தொலைபேசிக் கம்பிவடத்தின் வழியே லண்டன் ரசிகர்களுக்காகப் பாடியவர் அவர். 1958-ஆம் ஆண்டு அவரது 60-வது பிறந்த நாளைக் கொண்டாட இந்தியாவில் ஏற்பாடுகள் நடந்தபோது, அதைத் தவிர்க்கச் செய்ய அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் மேற்கொண்ட முயற்சிக்குப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு இணங்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கத் திரைப்படங்களும் இசையும் உலகெங்கும் பரவின. அதே காலகட்டத்தில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் விடுதலை இயக்கங்கள் வலுப்பெற்றன. இவ்விரு அலைகளும் சந்தித்த இடத்தில் நின்றவர் ராப்சன். அமெரிக்கா உலகுக்கு அளித்த புகழ்பெற்ற கலைஞர்களில் ஒருவராக இருந்த அவரையே, அந்நாட்டு அரசு உலகின் பார்வையிலிருந்து மறைக்க முற்பட்டது.

அடிமையாகப் பிறந்தவரின் மகன்

1898 ஏப்ரல் 9-ஆம் தேதி நியூஜெர்சி மாகாணத்தின் பிரின்ஸ்டன் நகரில் ராப்சன் பிறந்தார். அவரது தந்தை வில்லியம் ட்ரூ ராப்சன், வட கரோலினாவில் ஒரு தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். ஏறத்தாழ 15 வயதில் அங்கிருந்து தப்பி வடக்கே சென்ற அவர், பின்னர் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று மத போதகரானார்.

பிரின்ஸ்டனில் கறுப்பினத்தவருக்கான தேவாலயத்தில் இருபது ஆண்டுகள் போதகராகப் பணியாற்றிய பிறகு, அவர் அப்பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். குடும்பத்தைக் காப்பாற்ற, வீடுகளிலிருந்து அடுப்புச் சாம்பலை வண்டியில் ஏற்றிச் செல்லும் வேலையையும் வண்டியோட்டும் வேலையையும் செய்தார். ஆயினும் தன் நிலை குறித்து அவர் புலம்பியதில்லை என ராப்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

தாய் மரியா லூயிசா பஸ்டில், குவேக்கர் மரபில் வந்த, கல்வியில் சிறந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 1904-இல் வீட்டு அடுப்பிலிருந்து சிதறிய தணல் ஆடையில் பற்றியதில் அவர் உயிரிழந்தார். கடைக்குட்டியான பாலுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறைவடையவில்லை. அதன் பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவர் தந்தையே. சொல்லாற்றலையும், கொண்ட கொள்கையில் உறுதியாக நிற்கும் இயல்பையும் அவரிடமிருந்தே மகன் பெற்றார்.

1915-இல் போட்டித் தேர்வின் மூலம் கல்வி உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் ராப்சன் சேர்ந்தார். அக்கல்லூரியின் வரலாற்றில் அவர் மூன்றாவது கறுப்பின மாணவர்; அப்போது அங்கு பயின்ற ஒரே கறுப்பின மாணவரும் அவரே. கால்பந்து அணித் தேர்வின்போது சக வீரர்களே அவரது மூக்கை உடைத்தனர், தோள்மூட்டும் பிசகியது. காயம் ஆறியதும் அவர் மீண்டும் களத்துக்குத் திரும்பினார்.

அதே வீரர், 1917 மற்றும் 1918-ஆம் ஆண்டுகளில் நாட்டின் சிறந்த கல்லூரி கால்பந்து வீரர்களைக் கொண்ட அனைத்து அமெரிக்க அணியில் இடம்பெற்றார். கறுப்பின வீரர் இருக்கும் அணியுடன் விளையாட மாட்டோம் என ஓர் எதிரணி மறுத்தபோது, கல்லூரி நிர்வாகம் அவரை வெளியே அமர வைத்த நிகழ்வும் உண்டு. 1919-இல் தம் வகுப்பின் முதல் மாணவர்களில் ஒருவராகப் பட்டம் பெற்ற அவர், பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் உரையாற்றினார்.

பின்னர் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். படிப்புச் செலவுக்காகத் தொழில்முறைக் கால்பந்து ஆடினார். 1921-இல் எஸ்லாண்டா குடேயை மணந்தார். சட்டப் படிப்பை 1923-இல் முடித்து ஒரு வழக்குரைஞர் அலுவலகத்தில் சேர்ந்த அவருக்கு, அங்கு நீடிக்க வாய்க்கவில்லை. கறுப்பினத்தவர் சொல்வதைக் குறிப்பெடுக்க வெள்ளையினச் சுருக்கெழுத்தர் மறுத்ததையடுத்து, அவர் அத்தொழிலைக் கைவிட்டார்.

மேடை அளித்த புகழ்

எஸ்லாண்டாவின் ஊக்குவிப்பால் நாடகத்துக்கு வந்த ராப்சன், 1924-இல் யூஜின் ஓ'நீலின் இரு நாடகங்களில் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றார். கறுப்பினக் கணவரும் வெள்ளையின மனைவியும் இடம்பெற்ற நாடகத்துக்கு மிரட்டல்கள் வந்தன. எனினும் நாடகம் திட்டமிட்டபடி மேடையேறியது.

அடுத்த ஆண்டு, பியானோ கலைஞர் லாரன்ஸ் பிரவுனுடன் இணைந்து நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் ஓர் இசை நிகழ்ச்சியை நடத்தினார். அடிமைகளாக வாழ்ந்த தம் முன்னோர் பாடிய பக்திப் பாடல்களும் உழைப்பாளர் பாடல்களும் மட்டுமே அதில் இடம்பெற்றன. அதுவரை செவ்வியல் இசைக்கு உரியதாகக் கருதப்பட்ட மேடையில் அப்பாடல்கள் தலைநிமிர்ந்து ஒலித்தன. ஆழ்ந்த கீழ்ஸ்தாயிக் குரல் அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது.

1928-இல் லண்டனில் ‘ஷோ போட்’ இசை நாடகத்தில் அவர் பாடிய ‘ஓல் மேன் ரிவர்’ பாடல், வாழ்நாள் முழுவதும் அவரது அடையாளமாக விளங்கியது. ஜெரோம் கெர்ன் இசையமைத்து, ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் எழுதிய அப்பாடல், மிசிசிப்பி ஆற்றங்கரையில் சுமை தூக்கும் கறுப்பினத் தொழிலாளியின் துயரத்தைச் சொல்கிறது. 1930-இல் லண்டன் சவாய் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாகவும் அவர் நடித்தார்.

அமெரிக்காவை விட லண்டன் அவரை அன்புடன் வரவேற்றது. ஆயினும் 1929-இல் அங்கும் ஒரு புகழ்பெற்ற உணவகம், நிறத்தின் காரணமாக அவரை அனுமதிக்க மறுத்தது.

மொழிகளும் மக்களும்

லண்டனில் வாழ்ந்த காலமே ராப்சனின் அரசியல் பார்வையை உருவாக்கியது. கீழைத்தேய மொழிகள் கற்பிக்கும் பள்ளியில் சேர்ந்து ஆப்பிரிக்க மொழிகளைப் பயின்றார். பிற்காலத்தில் கென்யாவின் அதிபரான ஜோமோ கென்யாட்டா உள்ளிட்ட ஆப்பிரிக்கர்களின் தொடர்பு கிடைத்தது. ரஷியன், சீனம், இத்திஷ் உள்ளிட்ட பல மொழிகளில் அவர் பாடினார்.

உலகின் நாட்டுப்புறப் பாடல்களுக்கு அடிப்படையாக ஐந்து சுரங்கள் கொண்ட ஓர் இசை அமைப்பு இருப்பதாக அவர் கருதினார். கர்நாடக இசையில் மோகனம் போன்ற ராகங்களில் காணப்படும் அமைப்பைப் போன்றது அது. நிறத்தாலும் மொழியாலும் பிரிந்திருக்கும் மக்களை இசை ஓர் உறவில் இணைக்கிறது என்பதற்கு இதையே அவர் சான்றாகக் காட்டினார்.

1920-களின் இறுதியில் லண்டன் தெருக்களில் பாடியவாறு சென்ற வேல்ஸ் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைக் கண்டு அவர்களுடன் இணைந்து நடந்தார் ராப்சன். அங்கு தொடங்கிய உறவு இறுதி வரை நீடித்தது. 1940-இல் வெளியான ‘தி பிரவுட் வேலி’ திரைப்படத்தில் வேல்ஸ் சுரங்கத்தில் உழைக்கும் கறுப்பினத் தொழிலாளியாக நடித்தார்.

திரைத்துறையில் அவருக்குக் கசப்பான அனுபவங்களும் உண்டு. 1935-இல் வெளியான ‘சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்’ திரைப்படம் ஆப்பிரிக்கப் பண்பாட்டைக் காட்டும் என நம்பி அதில் நடித்தார். படத்தொகுப்பு முடிந்தபோது அது பிரிட்டிஷ் பேரரசைப் போற்றும் படமாக மாறியிருந்தது. அப்படத்தில் நடித்ததற்காக அவர் பின்னர் வருந்தினார்.

1934-இல் இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைனின் அழைப்பை ஏற்று அவர் மாஸ்கோ சென்றார். வழியில் பெர்லின் ரயில் நிலையத்தில் நாஜிகளின் மிரட்டலை எதிர்கொண்டார். இதற்கு மாறாக, சோவியத் தலைநகரில் நிறம் பாராமல் சக மனிதராக நடத்தப்பட்ட அனுபவம் அவர் மனதில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் எடுத்த பல முடிவுகளுக்கு இந்த அனுபவமே அடிப்படையாக அமைந்தது.

1938 ஜனவரியில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சென்று, குடியரசுப் படை வீரர்கள் மத்தியில் பாடினார். ‘ஓல் மேன் ரிவர்’ பாடலின் வரிகளை அவர் மாற்றத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். வாழ்க்கையில் சலித்து, சாவுக்கு அஞ்சுவதாக அமைந்திருந்த பகுதியை, இறுதி மூச்சு வரை போராடும் உறுதியைச் சொல்வதாக அவர் மாற்றிப் பாடினார்.

அதே 1938-இல் லண்டன் வந்த நேருவை ராப்சன் சந்தித்தார். நேருவுடனும் அவரது சகோதரி விஜயலட்சுமி பண்டிட்டுடனும் ராப்சன் தம்பதிக்கு ஏற்பட்ட நட்பு இந்திய விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்தது.

உச்சத்திலிருந்து விலக்கத்துக்கு

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-இல் ராப்சன் அமெரிக்கா திரும்பினார். அவ்வாண்டு நவம்பரில் தேசிய வானொலியில் அவர் பாடிய ‘பேலட் ஃபார் அமெரிக்கன்ஸ்’ நாடெங்கும் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1943 அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் மேடையேறிய ‘ஒத்தெல்லோ’ 296 முறை நடத்தப்பட்டது. பிராட்வேயில் மிக நீண்ட காலம் ஓடிய ஷேக்ஸ்பியர் நாடகம் என்னும் பெருமையை அது பெற்றது.

போர் முடிந்ததும் தெற்கு மாகாணங்களில் கறுப்பினத்தவர் மீதான கும்பல் கொலைகள் மீண்டும் தலைதூக்கின. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களும் அவற்றுக்குப் பலியாயினர். 1946 செப்டம்பரில் கும்பல் கொலைக்கு எதிரான குழுவுக்குத் தலைமை தாங்கி, அதிபர் ஹாரி ட்ரூமனை ராப்சன் சந்தித்தார். கூட்டாட்சிச் சட்டம் இயற்ற வேண்டும் என்ற கோரிக்கையை ட்ரூமன் ஏற்காத நிலையில், கருத்து மோதலுடன் அச்சந்திப்பு முடிந்தது.

ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட ஆப்பிரிக்க விவகாரக் கவுன்சிலின் தலைவராகவும் ராப்சன் இருந்தார். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு எதிராக அமெரிக்காவில் முதன்முதலில் ஒலித்த குரல்களில் அந்த அமைப்பின் குரலும் ஒன்று.

1949 ஏப்ரலில் பாரிஸில் நடைபெற்ற அமைதி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை, அவரது வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது. சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான போரில் அமெரிக்கக் கறுப்பினத்தவர் பங்கேற்க மாட்டார்கள் என்று அவர் கூறியதாகச் செய்தி நிறுவனத் தகவல் ஒன்று அமெரிக்கா முழுவதும் வெளியானது. அவர் உண்மையில் பேசியதும், செய்தியில் வந்த வாசகங்களும் வேறுபட்டவை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். ஆனால் அந்த விளக்கம் மக்களைச் சென்றடைவதற்குள் அவர் துரோகி எனப் பெயர் சூட்டப்பட்டுவிட்டார்.

அமெரிக்க நாடாளுமன்றக் குழு, அவருக்கு எதிராகச் சாட்சியமளிக்கப் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனை அழைத்தது. தொழில்முறைப் பேஸ்பாலில் கறுப்பின வீரர்களைச் சேர்க்க வேண்டும் எனச் சில ஆண்டுகளுக்கு முன் அணி உரிமையாளர்களிடம் வாதாடியவர் ராப்சன் என்பது குறிப்பிடத்தக்கது. ராப்சன் மீதான மதிப்பு காலப்போக்கில் தமக்கு உயர்ந்ததாக, பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய தன்வரலாற்றில் ராபின்சன் பதிவு செய்தார்.

பீக்ஸ்கில் கல்வீச்சு

1949 ஆகஸ்ட் 27-ஆம் தேதி நியூயார்க் மாகாணத்தின் பீக்ஸ்கில் அருகே நடைபெறவிருந்த ராப்சனின் இசை நிகழ்ச்சியை ஒரு கும்பல் தாக்கி நிறுத்தியது. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 4-ஆம் தேதி நிகழ்ச்சி மீண்டும் நடத்தப்பட்டது. ஏறத்தாழ 20 ஆயிரம் பேர் திரண்டனர். தொழிற்சங்கத்தினர் மைதானத்தைச் சுற்றிக் கைகோத்து நின்று காவல் காத்தனர். ராப்சன் பாடி முடித்தார்.

நிகழ்ச்சி முடிந்து திரும்பியவர்களின் கார்கள், பேருந்துகள் மீது சாலையின் இருபுறமும் நின்றவர்கள் கற்களை வீசினர். போலீஸார் இருந்தும் தாக்குதல் தடுக்கப்படவில்லை. ஏறத்தாழ 140 பேர் காயமடைந்தனர். முதல் உலகப் போரில் போர் விமானம் ஓட்டிய கறுப்பின வீரரான யூஜின் புல்லார்டும் தாக்கப்பட்டவர்களில் ஒருவர். நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர், தம் காருக்குள் வந்து விழுந்த கற்களைப் பின்னர் வீட்டுப் புகைபோக்கியில் பதித்து வைத்தார்.

கடவுச்சீட்டு பறிப்பு

1950-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ராப்சனின் கடவுச்சீட்டை அமெரிக்க வெளியுறவுத் துறை ரத்து செய்தது. கம்யூனிஸ்ட் அல்ல என உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் அதை மீண்டும் பெறலாம் எனத் தெரிவிக்கப்பட்டது. அரசியல் நம்பிக்கையை அரசிடம் ஒப்புவிக்க வேண்டிய தேவை குடிமகனுக்கு இல்லை எனக் கூறி அவர் மறுத்துவிட்டார். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளின் விடுதலைக்காக அவர் செயல்பட்டு வந்ததும் இத்தடைக்கு ஒரு காரணமாக அரசுத் தரப்பால் நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

வெளிநாடு செல்லும் வழி அடைக்கப்பட்ட அதே வேளையில் உள்நாட்டு மேடைகளும் மூடப்பட்டன. அரங்க உரிமையாளர்கள் இடம் தர மறுத்தனர். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவர் பங்கேற்பது ரத்து செய்யப்பட்டது. அவரது இசைத்தட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன. 1918-ஆம் ஆண்டின் அனைத்து அமெரிக்க அணியை ஒரு கால்பந்து வரலாற்று நூல் பத்து பேருடன் மட்டுமே வெளியிட்டது. விடுபட்ட பதினொன்றாவது பெயர் ராப்சனுடையது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்த அவரது வருமானம் சில ஆயிரம் டாலர்களாகச் சுருங்கியது.

கனடா செல்ல அமெரிக்கர்களுக்கு அப்போது கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. ஆயினும் 1952 தொடக்கத்தில் அங்கு சென்று பாட முயன்ற ராப்சன் எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்டார். அழைத்திருந்த கனடா சுரங்கத் தொழிலாளர் சங்கம் மாற்று வழி கண்டது. அவ்வாண்டு மே 18-ஆம் தேதி, வாஷிங்டன் மாகாண எல்லையில் உள்ள அமைதி வளைவுப் பூங்காவில், அமெரிக்கப் பகுதியில் ஒரு லாரியின் மீது ஏறி நின்று அவர் பாடினார். எல்லையின் இருபுறமும் பல்லாயிரக்கணக்கானோர் கூடி நின்று கேட்டனர்.

இந்நிலையில், 1956 முதல் டிஸ்ஸி கில்லெஸ்பி, டேவ் புரூபெக் போன்ற ஜாஸ் இசைக் கலைஞர்களை அமெரிக்க வெளியுறவுத் துறை பண்பாட்டுத் தூதர்களாகப் பல நாடுகளுக்கு அனுப்பி வைத்தது. அமெரிக்கா சுதந்திரத்தின் நாடு, அங்கு கறுப்பினத்தவரும் முன்னேற முடியும் என்னும் கருத்தை ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் நிலைநாட்டுவது இப்பயணங்களின் நோக்கங்களில் ஒன்று. 1958-இல் புரூபெக் குழுவினர் பம்பாய், தில்லி, மதராஸ் உள்ளிட்ட நகரங்களுக்கு வந்தனர். அப்போதும் ராப்சனின் கடவுச்சீட்டு திருப்பித் தரப்படவில்லை.

கம்பிவடத்தில் சென்ற பாடல்

ராப்சனைப் பாட அனுமதிக்க வேண்டும் என வலியுறுத்தி பிரிட்டனில் தொழிற்சங்கத்தினரும் கலைஞர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இயக்கம் நடத்தினர். அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் பதிக்கப்பட்ட முதல் தொலைபேசிக் கம்பிவடம் 1956 செப்டம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது. தடையைக் கடக்க இதுவே வழியாயிற்று.

1957 மே 26-ஆம் தேதி லண்டனின் செயின்ட் பேங்க்ரஸ் நகர மன்றத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடினர். மேடையில் பாடகர் இல்லை. நியூயார்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அவர் பாடப் பாட, தொலைபேசி இணைப்பு வழியே வந்த குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வேல்ஸின் போர்த்கால் நகரில் நடைபெற்ற சுரங்கத் தொழிலாளர் கலை விழாவிலும் இதே முறையில் அவர் பங்கேற்றார். அங்கு திரண்டிருந்த ஏறத்தாழ ஐயாயிரம் பேர் பதிலுக்கு அவருக்காகப் பாடினர்.

இதற்கு முந்தைய ஆண்டு, 1956 ஜூன் 12-ஆம் தேதி, நாடாளுமன்றக் குழு முன் ராப்சன் ஆஜரானார். கட்சி உறுப்பினரா என்ற கேள்விக்கு விடையளிக்க அரசமைப்புச் சட்டம் தரும் உரிமையின்படி மறுத்தார். ரஷியாவிலேயே ஏன் தங்கிவிடவில்லை எனக் கேட்கப்பட்டபோது, தம் தந்தை அடிமையாக இருந்தவர் என்பதையும், தம் மக்களின் உழைப்பால் உருவான நாடு இது என்பதையும் எடுத்துரைத்து, இங்கேயே இருக்கப் போவதாகத் தெரிவித்தார்.

பேசாமல் விட்ட உண்மை

ராப்சனின் வாழ்வில் விமர்சனத்துக்குள்ளான பகுதியும் உண்டு. 1949 ஜூனில் மாஸ்கோ சென்ற அவர், தம் நண்பரான யூதக் கவிஞர் இட்ஸிக் ஃபெஃபரைச் சந்திக்க விரும்பினார். ஃபெஃபர் அப்போது சிறையில் இருந்தார். அதிகாரிகள் அவரை ராப்சனின் விடுதி அறைக்கு அழைத்து வந்தனர். அறையில் ஒட்டுக்கேட்பு இருந்ததால், தமக்கு நேரவிருப்பதை ஃபெஃபர் சைகைகளால் உணர்த்தியதாக ராப்சனின் மகன் பிற்காலத்தில் தெரிவித்தார்.

அப்பயணத்தின்போது நடைபெற்ற இசை நிகழ்ச்சியில், ஃபெஃபரை நினைவுகூர்ந்து, வார்சா யூதர்களின் எதிர்ப்புப் பாடலை இத்திஷ் மொழியில் ராப்சன் பாடினார். ஆனால் அமெரிக்கா திரும்பிய பின், சோவியத் அரசின் அடக்குமுறை குறித்து அவர் வெளிப்படையாகப் பேசவில்லை. ஃபெஃபர் 1952 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் சோவியத் அரசின் ஸ்டாலின் அமைதிப் பரிசு ராப்சனுக்கு அறிவிக்கப்பட்டது. ஸ்டாலின் மறைந்தபோது அவரைப் போற்றியும் ராப்சன் எழுதினார்.

கறுப்பினத்தவரின் எதிரிகள் கையில் ஓர் ஆயுதத்தைத் தந்துவிடக் கூடாது என அவர் கருதியதாக ஆதரவாளர்கள் கூறுகின்றனர். தமக்கு நேர்ந்த அநீதியை அஞ்சாமல் எதிர்த்தவர், நண்பருக்கு நேர்ந்த அநீதியைப் பொதுவெளியில் சொல்லவில்லை என்பதை அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் மறைக்கவில்லை.

இந்தியாவில் ஒலித்த எதிரொலி

1958 ஏப்ரல் 9-ஆம் தேதி ராப்சனின் 60-வது பிறந்த நாளையொட்டிப் பல நாடுகளில் விழாக்கள் நடைபெற்றன. இந்தியாவில் இதற்காக அமைக்கப்பட்ட குழுவுக்கு, அப்போது பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த எம்.சி. சாக்ளா தலைமை வகித்தார். உலகின் சிறந்த கலைஞர்களில் ஒருவர் என்றும் மனித மாண்புக்காகத் துன்பம் ஏற்றவர் என்றும் ராப்சனைப் பாராட்டி நேரு செய்தி வெளியிட்டார்.

அமெரிக்க அரசு இதை விரும்பவில்லை. அதிகாரிகள் சாக்ளாவையும் இந்திய அரசுத் தரப்பினரையும் அணுகி, இக்கொண்டாட்டம் அமெரிக்க எதிர்ப்பாகக் கருதப்படும் என எடுத்துரைத்தனர். ஆனால் விழா கைவிடப்படவில்லை. இதே சாக்ளா அவ்வாண்டிலேயே அமெரிக்காவுக்கான இந்தியத் தூதராக நியமிக்கப்பட்டார்.

இந்தியாவில் ராப்சனின் குரலை மக்களிடம் கொண்டு சேர்த்தவர் அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகா. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் நியூயார்க்கில் ராப்சனைச் சந்தித்த அவர், 1952-இல் முனைவர் பட்டம் பெற்றார். ‘ஓல் மேன் ரிவர்’ பாடலின் தாக்கத்தில் அவர் படைத்த ‘பிஸ்தீர்ன பாரோரே’ என்னும் அசாமியப் பாடல், கரையில் வாழும் மக்களின் துயரத்தைக் கண்டும் அமைதியாக ஓடும் ஆற்றை நோக்கிக் கேள்வி எழுப்புகிறது. வங்க மொழியிலும், கங்கையை விளித்து ஹிந்தியிலும் அப்பாடல் புகழ்பெற்றது. ஹசாரிகாவுக்கு 2019-இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

துருக்கியில் சிறையில் இருந்த கவிஞர் நாஸிம் ஹிக்மத் 1949-இல் ராப்சனை நோக்கி ஒரு கவிதை எழுதினார். அதன் அடிப்படையில் உருவான வங்கப் பாடலும் இந்திய மக்கள் இசைக் குழுக்களின் மேடைகளில் தலைமுறைகளைக் கடந்து பாடப்பட்டு வருகிறது. ஆனால் ராப்சனின் இந்தியப் பயணம் இறுதி வரை நிறைவேறவில்லை.

தடை நீக்கமும் இறுதி நாள்களும்

ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில், நம்பிக்கைகளின் அடிப்படையில் கடவுச்சீட்டை மறுக்க வெளியுறவு அமைச்சருக்கு நாடாளுமன்றம் அதிகாரம் வழங்கவில்லை என 1958 ஜூன் 16-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஆதரவாகவும் நான்கு பேர் எதிராகவும் இருந்தனர். இதையடுத்து ராப்சனுக்கும் கடவுச்சீட்டு கிடைத்தது. அடுத்த மாதமே அவர் லண்டன் புறப்பட்டார்.

1959-இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் மீண்டும் ஒத்தெல்லோவாக நடித்தார். 1960 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், கட்டி முடிக்கப்படாத ஓபரா மாளிகையின் வளாகத்தில் கட்டுமானத் தொழிலாளர்கள் முன்னிலையில் பாடினார். சாரத்தில் ஏறி அமர்ந்து அவர்கள் கேட்டனர். அந்த மாளிகை திறக்கப்படுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அங்கு ஒலித்த இசை அது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வறுமையை ஆவணப்படம் ஒன்றில் கண்டு கலங்கிய அவர், அவர்களின் உரிமைக்காகவும் குரல் கொடுத்தார்.

நீண்ட கால நெருக்கடி அவரது உடலையும் மனதையும் பாதித்திருந்தது. 1961-இல் மாஸ்கோவில் கடும் மனச்சோர்வுக்கு ஆளான அவர், தொடர்ந்து லண்டனிலும் கிழக்கு பெர்லினிலும் சிகிச்சை பெற்றார். 1963 டிசம்பரில் நாடு திரும்பினார். 1965 டிசம்பரில் எஸ்லாண்டா காலமானார். அதன் பிறகு ஃபிலடெல்ஃபியாவில் சகோதரி மரியனின் இல்லத்தில் அமைதியாக வாழ்ந்தார்.

அவர் தொடக்கம் முதல் வலியுறுத்தி வந்த சிவில் உரிமைச் சட்டமும் வாக்குரிமைச் சட்டமும் 1964, 1965-ஆம் ஆண்டுகளில் நிறைவேறின. அப்போது நாடெங்கும் எழுந்த இளைய தலைமுறைப் போராளிகளில் பலருக்கு ராப்சனின் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் பொதுவெளியிலிருந்து அகற்றப்பட்டிருந்தார்.

1973-இல் நியூயார்க் கார்னகி அரங்கில் நடைபெற்ற 75-வது பிறந்த நாள் விழாவில் உடல்நலக் குறைவால் அவரால் பங்கேற்க இயலவில்லை. ஒலிப்பதிவு செய்து அனுப்பிய செய்தியில், மனித குலத்தின் விடுதலைக்கும் அமைதிக்கும் தாம் என்றும் பற்றுறுதியுடன் இருப்பதாகத் தெரிவித்திருந்தார். 1976 ஜனவரி 23-ஆம் தேதி, தம் 77-வது வயதில் அவர் காலமானார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், அவரது அண்ணன் போதகராக இருந்த தேவாலயத்தில் நடைபெற்ற இறுதி நிகழ்வில் ஆயிரக்கணக்கானோர் பங்கேற்றனர்.

மறைவுக்குப் பின் அவருக்கு உரிய இடம் படிப்படியாகத் திரும்பக் கிடைத்தது. நிறவெறிக்கு எதிரான பணிக்காக 1978-இல் ஐ.நா. அவரைக் கௌரவித்தது. கல்லூரி கால்பந்து புகழ் மன்றத்தில் 1995-இல் அவரது பெயர் சேர்க்கப்பட்டது. 1998-இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. எல்லையைத் தாண்ட விடாமல் ஒரு காலத்தில் அவரைத் தடுத்த அதே நாடு, 2004-இல் அவரது உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.